லெனாட் அடித்துவிட்ட காஸ்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஏசி பூட்டிய வீடென்றால் அது மாடி வீடாக இருக்கும், இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கு வெளிநாட்டில் ஆளிருக்கும். இரண்டும் இல்லாமல், முன்பாதி ஓடும் பின்பாதி தகரமுமாக நின்ற வீட்டில் ஏசி பூட்டியவள் ஸ்ரெல்லா ஒருத்திதான். அதனால் ஒழுங்கையில் அவளுக்கு ஏசிக்காரி என்று பெயர். தண்ணீர்க் குழாயடியில் அவளைக் கண்டால், "ஏசிக்காரிக்கு இடம் விடுங்கோ, வெயில் பட்டால் கறுத்துப்போவா" என்று சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பாள். சிரிக்கிற ஒவ்வொருத்தியையும் கூட்டிப்போய் உள்ளே கிடக்கிறவனைக் காட்டி விளக்கம் சொல்ல அவளுக்கு எங்கே நேரம்?

உள்ளே கிடந்தவன் அவளுடைய புருஷன் பிலிப்பு. கடலட்டை எடுக்கக் கடலடிக்குச் சுழியோடியவன். எட்டு வருஷத்துக்கு முதல் ஒருநாள் மூன்றாந் தடவையும் இறங்கியவன், சிலிண்டரில் காற்று முடிந்து, பதறிப்போய் ஒரே வீச்சில் மேலே வந்தான். படகுக்குள் ஏறிக் கிடந்தபோது நெஞ்சுக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கால் போனது ஊருக்கே தெரியும். வியர்வை போனது ஸ்ரெல்லாவுக்குத்தான் தெரியும். நெற்றியிலும் கழுத்திலும் வியர்க்கும், அதற்குக் கீழே ஒரு சொட்டு வராது. சித்திரை வெயிலில் அந்த உடம்பு அடுப்பில் ஏற்றிய சட்டி மாதிரிச் சூடேறிக்கொண்டே போகும். இறங்க வழி தெரியாது.

ஐந்தாம் வருஷச் சித்திரையில் சூடு தலைக்கேறி, ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றத் தொடங்கினான். ஓட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினார்கள்.

"இது காய்ச்சல் இல்லையம்மா, வெக்கை," என்றார் டொக்ரர். "இதுக்குக் குளிசை மருந்தெண்டு ஒண்டும் கிடையாது. அறையைக் குளிரா வைச்சிருங்கோ. இன்னொருக்கா இப்பிடி வந்தால் ஆள் தப்பிறது கஷ்டம்."

ஃபேன் போட்டுப் பார்த்தாள். அது தகரத்துச் சூட்டை வாரி அவன் மேலேயே கொட்டியது. தண்ணீர் ஊற்றுகிற கூலரை ஒருத்தியிடம் இரவல் வாங்கிப் பார்த்தாள். கடற்கரைப் புழுக்கத்துக்குள் அது இன்னும் புழுக்கத்தைச் சேர்த்தது. கடைசியில் பிலிப்புவின் படகு இஞ்சினை விற்றார்கள். அந்தக் காசில் ஸ்ரெல்லாவின் அண்ணன் லெனாட் கொழும்பிலிருந்து ஒரு பழைய ஏசியைக் கொண்டுவந்து, தகரத்துக்குக் கீழே பலகை அடித்து, ஓட்டையெல்லாம் அடைத்துப் பூட்டிக் கொடுத்தான். அதற்குப் பிறகு பிலிப்பு ஒருநாளும் பிதற்றவில்லை.

லெனாட் யாரோ எவரோ இல்லை. பிலிப்பு கீழே இறங்கிய காலம் முழுக்கப் படகில் நின்று கயிறு பிடித்தவன். அவர்களுடைய குடும்பத்தில் அது விட்டுக்கொடுக்காத வழக்கம். சுழியோடுகிறவனின் கயிற்றை அவன் பெண்சாதியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தங்கச்சியைக் கைம்பெண்ணாக்க எந்த அண்ணனுக்கும் மனம் வராது என்ற நம்பிக்கை. பிலிப்பு விழுந்த பிறகு லெனாட் கடலுக்கே போகவில்லை. கட்டாருக்குப் போய் நாலு வருஷம் ஏசி வேலை பழகிக்கொண்டு வந்து, இப்போது யாழ்ப்பாணம் முழுக்க ஓடித் திரிந்தான். எவ்வளவு வேலை இருந்தாலும் ஞாயிறு பூசை முடிய மச்சானைப் பார்க்க வந்துவிடுவான். பிலிப்புவின் கண்ணுக்கு நேரே திருஇருதய ஆண்டவர் படமும் அதன் முன்னால் ஒரு விளக்கும் இருந்தன. பிலிப்பு உயிரோடு வீடு திரும்பிய நாளில் ஸ்ரெல்லா நேர்த்தி வைத்து ஏற்றிய விளக்கு. இரவு பகல் நூராமல் எரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கு எண்ணெய் விடுகிறவன் லெனாட்தான்.

இந்த வருஷம் சித்திரை பிறக்க முதலே மெசின் முனகத் தொடங்கியது. காற்று வந்தது, குளிர் வரவில்லை. லெனாட் வந்து, பின்பக்கம் ஏறி, குழாயில் மீற்றரைக் கொழுவிப் பார்த்துவிட்டு இறங்கினான்.

"காஸ் இறங்கிட்டுது தங்கச்சி. இது பழைய இருபத்திரண்டு காஸிலை ஓடுற மெசின். இப்ப அந்தக் காஸை உலகம் முழுக்க நிப்பாட்டிக்கொண்டு வாறாங்கள். நாட்டுக்குள்ளை விடுற அளவை வரவரக் குறைக்கிறாங்கள். குறையக் குறைய விலை ஏறுது. போன வருஷத்து விலையை நினைச்சுக்கொண்டு கடைக்குப் போனால் சிரிக்கிறாங்கள்."

"ஏனாம் நிப்பாட்டினம்?"

"வானத்திலை ஓட்டை விழுகுதாம். பூமியும் சூடாகுதாம்."

கட்டிலில் கிடந்த பிலிப்புவுக்குச் சிரிப்பு வந்தது. "என்ரை அறைக் குளிரிலையோ வானம் ஓட்டையாகுது? அப்ப நானும் ஒரு பெரிய ஆள்தான்."

மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு லெனாட் புது மெசினைப் பற்றிச் சொன்னான். புதுக் காஸ், கரண்டும் பாதிக்குக் கிட்டத்தான் இழுக்கும் என்றான். விலையையும் சொன்னான். நண்டு உடைக்கிற கொம்பனியில் ஸ்ரெல்லா ஒரு வருஷம் நின்ற நிலையில் நின்று உடைத்தாலும், சாப்பிடாமல் இருந்தால்தான் அந்தக் காசு சேரும்.

"பழைய காஸையே நிரப்பினால்?"

"அதுவும் சின்ன விலை இல்லை. நிரப்பினாலும் பழைய குழாய், எங்கையாவது ஒழுகும்."

அவள் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தபோது ஆண்கள் இரண்டு பேரும் ஏதோ கதைத்து முடித்திருந்தார்கள். லெனாட்டின் முகம் தெளிந்திருந்தது.

"பயப்பிடாதை. கொழும்பிலை எனக்குத் தெரிஞ்ச ஒருத்தனிட்டைப் பழைய காஸ் கொஞ்சம் கிடக்குது. முந்தின விலைக்குத் தருவான். நான் எடுத்து அடிச்சு விடுறன்."

இரண்டு நாள் கழித்து, அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் லெனாட் வந்து காஸ் அடித்துவிட்டுப் போயிருந்தான். பின்னேரம் கதவைத் திறந்தால் அறை சில்லென்று கிடந்தது. பிலிப்பு போர்வை கேட்டான். முந்தியையும் விட நல்ல குளிர். ஸ்ரெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. காசு கொடுக்கப்போனால் லெனாட் கையைத் தட்டிவிட்டான்.

"உதெல்லாம் பிறகு பாப்பம். ஒண்டு மட்டும் கேள். வேறை ஆரையும் இந்த மெசினிலை கை வைக்க விடாதை. கண்டவனும் கிண்டினால் பழுதாக்கிப் போடுவாங்கள்."

தொழில்காரனின் பெருமை என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு இறாலும் நண்டும் போட்டுக் கூழ் காய்ச்சி அண்ணனை உட்காரவைத்து ஊற்றினாள். குழாயடியில் அவன் புராணந்தான். "கூடப்பிறந்ததெண்டால் என்ரை அண்ணை மாதிரி இருக்கவேணும்" என்று அவள் சொல்லிச் சொல்லி, கேட்கிற பெண்களுக்குக் காது புளித்துப்போனது.

இடைக்கிடை வீட்டுக்குள் ஒரு மணம் வந்தது. அடுப்புக் காஸ் மணம். ஸ்ரெல்லா மகள் டிலக்ஷியைப் பிடித்துத் திட்டினாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அடுப்பை ஒழுங்காகப் பூட்டத் தெரியாதா என்று இரண்டு தரம் குட்டும் வைத்தாள். பூட்டினனான் என்று அந்தப் பிள்ளை அழுதது. பிறகு குசினிச் சிலிண்டரின் வாசரை மாற்றினாள், றெகுலேற்றரை மாற்றினாள். மணம் போனபாடில்லை. அது படுக்கிற அறையில்தான் கூட அடித்தது. குசினியிலிருந்து வருகிறதாக்கும் என்று அறைக் கதவை இன்னும் இறுக்கிச் சாத்தினாள். அந்த அறைக்குள்தான், பிலிப்புவின் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்து, அவளும் பிள்ளையும் படுத்தார்கள்.

வைகாசி நடுவில் மெசின் மறுபடி காலை வாரியது. பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்ட டிலக்ஷிதான் "அம்மா, அப்பாவின்ரை முகம் சிவந்திருக்குது" என்று சொன்னாள். நெஞ்சில் கை வைத்தால் சுட்டது. லெனாட் வவுனியாவில் ஒரு ஹோட்டல் வேலையாகப் போயிருந்தான். ஏழெட்டுத் தரம் எடுத்தும் அவன் ஃபோனைத் தூக்கவில்லை. பத்து மணிக்குப் பிலிப்பு கதைத்தது குழறலாக வந்தது. ஸ்ரெல்லா அண்ணனின் கட்டளையைத் தூக்கி ஒரு பக்கம் வைத்தாள். பக்கத்து வீட்டு ஜெசிதா தனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கின் நம்பரைக் கொடுத்தாள்.

ஸாஜித் என்று பெயர். சோனகதெருவில் கடை வைத்திருந்தான். தொண்ணூறில் முஸ்லிம்கள் யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்டபோது குடும்பம் போய்ச் சேர்ந்த புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, தகப்பனின் காணிக்குத் திரும்பி வந்தவன். முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் கதைக்கிற ஆளில்லை. மோட்டார்சைக்கிளை நிறுத்தியதும் நேரே பின்பக்கம் போய் மீற்றரைக் கொழுவினான். குழாயைத் துளியளவு திறந்து மணந்து பார்த்தான். இன்னொரு தரமும் மணந்தான். பிறகு கிட்டத்தட்ட ஓடி வந்து அறை வாசலில் நின்று உள்ளே சுற்றிப் பார்த்தான். அவன் பார்வை ஆண்டவர் படத்தடியில் வந்து நின்றது.

"அக்கா, முதல் அந்த விளக்கை நூருங்கோ."

"அது நூர்க்கிறேல்லைத் தம்பி. நேர்த்தி விளக்கு."

"கும்பிட்டுக் கேக்கிறன் அக்கா. நூருங்கோ. சுவிச் ஒண்டிலையும் கை வைக்காதையுங்கோ. அண்ணையை வெளியிலை கொண்டுபோவம்."

அவன் குரலில் இருந்த பயம் அவளுக்குத் தொற்றிவிட்டது. திரியை விரலால் நசுக்கினாள். எட்டு வருஷம் நூராத விளக்கு சுர்ரென்று ஒரு சத்தத்தோடு முடிந்தது. இரண்டு பேருமாகப் பிலிப்புவைச் சில்லுக் கதிரையில் தூக்கி இருத்தி, வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸாஜித் வெளியில் நின்றே மெயின் சுவிச்சை விழுத்தினான். யன்னலெல்லாம் திறந்தான். அக்கம்பக்கத்தில் அடுப்புகளை நூர்க்கச் சொல்லிவிட்டு மெசினிலிருந்த மிச்சக் காஸை வளவின் கோடியில் திறந்துவிட்டான். எல்லாம் முடிந்துதான் வாயைத் திறந்தான்.

"இதுக்குள்ளை கிடந்தது இருபத்திரண்டு இல்லை அக்கா. சமைக்கிற காஸ்."

ஸ்ரெல்லாவுக்கு முதலில் விளங்கவில்லை. "சமைக்கிற காஸிலை எப்பிடிக் குளிரும்?"

"குளிரும். நல்லாவே குளிரும். மலிவும்தான். பழைய காஸ் விலை ஏற ஏற, சிலபேர் இந்த வேலை பாக்கிறாங்கள். ஆனால் இந்த மெசின் அதுக்குச் செய்ததில்லை. அறைக்குள்ளை மூட்டொண்டு ஒழுகுது. இந்தக் காஸ் மேலை போகாது அக்கா, நிலத்திலை வந்து தேங்கும். விளக்கு உயரத்திலை இருந்ததாலைதான் இவ்வளவு நாளும் தப்பினியள். நிலத்திலை ஆர் படுக்கிறது?"

"நானும் பிள்ளையும்."

ஸாஜித் கீழே குனிந்து சாமான்களைப் பையில் போட்டான். "ஆர் அடிச்சது?"

"தெரியாத ஆள் ஒருத்தன். பேர் ஞாபகமில்லை," என்றாள் ஸ்ரெல்லா. அண்ணன் பெயரைச் சொல்ல நாக்கு வரவில்லை.

இனி என்ன செய்யலாம் என்று கேட்டாள். இருபத்திரண்டு இப்போதும் கிடைக்கும், கழற்றிய மெசின்களிலிருந்து எடுத்துச் சுத்தம் பண்ணிய காஸும் இருக்கிறது, ஆனால் இந்தக் குழாய்க்கு எதை அடித்தாலும் நாலு மாதத்துக்குத்தான் என்றான். புது மெசின் என்றால் முப்பத்திரண்டாம் நம்பர் காஸ். "அதுவும் கொஞ்சம் பத்தக்கூடியதுதான், பொய் சொல்லமாட்டன். ஆனால் அதுக்கெண்டே செய்த மெசின், முறையாப் பூட்டினால் பயமில்லை."

"அந்தக் காஸையும் பிறகு நிப்பாட்டுவினமோ?"

"வரவரக் குறைக்கப்போறாங்கள் எண்டுதான் சொல்லுறாங்கள். ஆனால் அதுக்கு இன்னும் கன காலம் கிடக்குது அக்கா."

ஸாஜித் போய்விட்டான். ஸ்ரெல்லா துணியை நனைத்து நனைத்துப் பிலிப்புவின் நெஞ்சிலும் வயிற்றிலும் போட்டுக்கொண்டிருந்தாள். கடற்காற்றுக் கொஞ்சம் எழும்ப அவனுக்குப் பேச்சுத் தெளிந்தது. ஆனால் அவன் ஒன்றும் கேட்கவில்லை. என்ன நடந்தது, ஏன் வெளியே கொண்டுவந்தாய், யார் அந்த ஆள் என்று ஒரு கேள்வி இல்லை. அவளுக்கிருந்த கோபத்தில் அது அப்போது உறைக்கவில்லை. ஃபோனில் லெனாட்டுக்கு ஒரு வரி பேசி அனுப்பியிருந்தாள்: "மெசினுக்குள்ளை என்ன கிடந்ததெண்டு தெரிஞ்சிட்டுது. வா."

மத்தியானம் திரும்பி, டிலக்ஷி பள்ளிக்கூடத்தால் வர முதல் லெனாட் வந்து நின்றான். முகம் வெளிறிக் கிடந்தது.

"என்ன காஸடா அடிச்சனீ?"

பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவள் அவனை நீங்கள் என்றுதான் கூப்பிட்டவள். லெனாட் அவளைப் பார்க்காமல் பிலிப்புவைப் பார்த்தான்.

"ஆரையும் கை வைக்க விடாதை எண்டெல்லோ சொன்னனான்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"கன இடத்திலை அடிக்கிறதுதான், தங்கச்சி. ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

"நடக்கேல்லையோ?" ஸ்ரெல்லாவின் சத்தத்துக்கு ஜெசிதா வேலிக்கு வந்துவிட்டாள். "அந்த விளக்குக்கு எண்ணெய் விட்டவன் நீ. உன்ரை கையாலை காஸையும் அடிச்சுப்போட்டு, அதே கையாலை ஞாயிற்றுக்கிழமை வந்து எண்ணெயும் விட்டனீ! என்ரை பிள்ளை நிலத்திலை படுக்கிறது உனக்குத் தெரியாதோ? மணக்குது மணக்குது எண்டு நான் அந்தப் பிள்ளைக்கெல்லோ அடிச்சனான். இந்த மனுசனுக்குக் கயிறு பிடிச்சவனடா நீ. உன்னை நம்பாமல் நான் ஆரை நம்பிறது?"

லெனாட்டுக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது. "அந்தக் காஸ் வாங்க என்னட்டையும் காசில்லை, உன்னட்டையும் இல்லை. அறை சூடாக் கிடந்தால் இவன் செத்துப்போவான். நான் என்னத்தைச் செய்ய?"

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தால் நீ விட்டிருக்கமாட்டாய்."

"விட்டிருக்கமாட்டன்தான்! அதுக்காகத்தானே சொல்லியிருக்கவேணும்!"

"அவனை ஏசாதை ஸ்ரெல்லா," என்றான் பிலிப்பு.

கதிரையில் சாய்ந்தபடி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். "அடிக்கச் சொன்னது நான். உனக்குச் சொல்லவேண்டாம் எண்டதும் நான்தான். அவன் மாட்டன் எண்டுதான் நிண்டவன். நான்தான் கெஞ்சினனான்."

ஸ்ரெல்லா கையில் பிடித்திருந்த துணியிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டியது. அண்ணன் செய்தது துரோகம். அதை அவளால் திட்டித் தீர்க்க முடியும். ஆறு மாதம் முகம் பார்க்காமல் இருந்துவிட்டு, நத்தார் பண்டிகைக்குக் கேக் அனுப்பிச் சமாதானமும் ஆகலாம். புருஷன் செய்த இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தேத்தண்ணிக்குப் போன பத்து நிமிஷத்தில், அவளுடைய வீட்டில், அவளுடைய பிள்ளையின் உயிரை இரண்டு பேர் பேசி முடித்திருக்கிறார்கள். பிறகு அவள் ஊற்றிய கூழையும் குடித்திருக்கிறார்கள்.

"நெருப்புப் பத்தும் எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"ஓம். இவன் சொன்னவன்."

"நானும் டிலக்ஷியும் உங்களுக்குப் பக்கத்திலைதானே படுக்கிறம்?"

பிலிப்பு கண்ணைத் திறந்தான். அதை அவன் முன்பே யோசித்து வைத்திருந்தது அவன் சொன்ன வேகத்தில் தெரிந்தது.

"நீங்கள் ஓடியிருப்பியள். உங்களுக்குக் கால் இருக்குதுதானே. பத்தினாலும் எனக்குத்தான். அதோடை உனக்கும் ஒரு விடிவு."

லெனாட் தலையைக் குனிந்துகொண்டான். வேலிக்கு அந்தப் பக்கம் ஜெசிதா வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்ரெல்லாவுக்கு முதலில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. எட்டு வருஷமாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி இவனைத் திருப்பிப் படுக்கவைக்கிறாள். முதுகில் ஒரு புண் வரவிட்டதில்லை. இத்தனைக்கும் பிறகு, நெருப்பென்றால் இவள் ஓடிவிடுவாள் என்று இந்த மனுசன் கட்டிலில் கிடந்து முடிவு கட்டியிருக்கிறான். அதையும் அவளுக்குச் செய்த நன்மை மாதிரிச் சொல்கிறான்.

"ஓம், ஓடியிருப்பன்," என்றாள். குரல் தணிந்துவிட்டிருந்தது. "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியிலை ஓடியிருப்பன். இந்த மரத்தடியிலை அவளை விட்டிட்டு, உங்களை எடுக்கத் திரும்பி உள்ளை வந்திருப்பன். உங்களை என்னாலை தனியத் தூக்க ஏலாது. தெரிஞ்சுகொண்டுதான் வந்திருப்பன். அப்ப அந்தப் பிள்ளைக்கு ஆர்?"

இதைப் பிலிப்பு ஒருநாளும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

ஸ்ரெல்லா துணியை வாளிக்குள் தோய்த்துப் பிழிந்து, அவன் நெஞ்சில் விரித்துப் போட்டாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.